பாடாத போனுக்குத் தொண்ணூற்றொன்று

முதலில் ஒரு விடுகதை. கையளவு உடம்பு. வாய் கிடையாது, பாடும். காது கிடையாது, கேட்கும். விரல் பட்டால் விழித்துக்கொள்ளும், விட்டுவிட்டால் தூங்கிப்போகும். அது என்ன?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதற்கு மூச்சு விடுவதற்குள் விடை சொல்லிவிடும். ஆனால் பொதுப் பயன்பாட்டுப் பொருள்கள் தர மதிப்பீட்டு அலுவலகம் அப்படி அவசரப்படுகிற இடம் அல்ல. அங்கே பொறுப்புள்ள மூன்று பேர் உட்கார்ந்து, அளந்து, நிறுத்து, கையெழுத்திட்டு ஒரு விடையைக் கண்டுபிடித்தார்கள்.

மேசை மின்விசிறி.

இது எப்படி நடந்தது என்றால், எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

கல்வித் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பள்ளிகளில் பாட்டு கற்கும் நானூறு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன் கொடுக்கப் போகிறார்கள். பாட்டு டீச்சர் ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாள்களில் பிள்ளைகள் பாடத்தைப் போனில் போட்டுக் கேட்டு, கூடவே பாடிப் பழக வேண்டும். அதற்கென்று ஒரு கம்பெனி, இசைப் பிரியர்களுக்காகவே செய்த, விலை மலிவான தொடுதிரை போன் ஒன்றைக் கொடுக்க முன்வந்தது. பெயர் 'இன்னிசை மினி'. 'விலையில் சிறியது, இசையில் பெரியது' என்று அதன் விளம்பரத் தாளில் போட்டிருந்தது. அது உண்மைதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது மதிப்பீட்டு அலுவலகத்தின் வேலை.

பார்க்க வேண்டியவர் இளநிலை மதிப்பீட்டாளர். அவரை எல்லாரும் தராசம்மா என்று கூப்பிடுவார்கள். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த வெங்காயத்தை வீட்டுக்குப் போய் மறுபடி நிறுத்துப் பார்க்கிறவர் என்பதால் வந்த பெயர். பதினோரு வருட வேலையில் அவர் எழுதிய அறிக்கைகளில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. படிவம் கேட்டதை எழுதாமல் விட்டதில்லை; படிவம் கேட்காததை எழுதியதும் இல்லை. இரண்டிலும் அவருக்குச் சமமான பெருமை இருந்தது.

இந்தப் போன் விஷயத்தில் அவருக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. அந்த நானூறு பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய மகள்.

மகளுக்குப் பத்து வயது. நன்றாகப் பாடுவாள். ஆனால் அவள் பாடம் கேட்பது அம்மாவின் பழைய போனில். அதன் ஸ்பீக்கர் கிழிந்து இரண்டு வருடம் ஆகிறது. பாட்டு கீழே இருக்கும்வரை சரியாக இருக்கும். மேலே ஏறினால் "கர்ர்ர்" என்று இரும்புக் கதவை இழுப்பது போல ஒரு சத்தம் கூடவே வரும். மகள் சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை. பாட்டோடு கர்ர்ரையும் சேர்த்தே பாடம் பண்ணிவிட்டாள்.

"எல்லாம் சரி, அந்த மூணாவது வரியில என்ன கர்ர்ருனு?" என்று டீச்சர் கேட்டார்.

"அது பாட்டுலயே இருக்கு டீச்சர்," என்றாள் மகள்.

பருவம் முடிவதற்குள் அந்தக் கர்ர் போகாவிட்டால், பாடுகிற வரிசையிலிருந்து கைதட்டுகிற வரிசைக்கு மாற்றிவிடுவதாக டீச்சர் சொல்லிவிட்டார். பருவம் முடிய ஆறு வாரம் இருந்தது.

ஆகவே போன் பெட்டி அலுவலகத்துக்கு வந்த திங்கட்கிழமை, தராசம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "வந்துடுச்சு," என்றார்.

"எனக்கு எப்பம்மா குடுப்பாங்க?"

"மதிப்பீடு முடிஞ்சதும்."

"மதிப்பீடு யாரு பண்றாங்க?"

"நான்தான்."

"அப்ப நாளைக்கே முடிச்சுடும்மா!"

"அப்படியெல்லாம் முடிக்கக் கூடாது கண்ணு. முறைன்னு ஒண்ணு இருக்கு."

முறை இப்படி. எந்தப் பொருளானாலும் இரண்டு மாதிரிகள் வாங்க வேண்டும். ஒன்று சோதனைக்கு. இன்னொன்றைப் பெட்டியைத் திறக்காமல் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு முத்திரை குத்திவிட வேண்டும். கம்பெனிக்காரர் இரண்டு பெட்டிகள் கொடுத்திருந்தார். ஒன்றில் போன் இருந்தது. மற்றதில் இருந்தது டம்மி. கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பார்வைக்கு வைப்பார்களே, உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் போன், அதுதான். நிறம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக அவர் சேர்த்துக் கொடுத்தது.

கிடங்குக்காரர் பதிவேட்டில் 'போன் – 2' என்று எழுதினார். மேலே இருந்த பெட்டியைத் தராசம்மாவின் மேசையில் வைத்தார். கீழே இருந்ததைப் பீரோவில் வைத்து முத்திரை குத்தினார். மேலே இருந்தது டம்மி.

செவ்வாய்க்கிழமை காலை தராசம்மா வெள்ளைத் துணிக் கையுறைகளை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். சோதனைப் பொருளை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது விதி. முதலில் தராசில் வைத்தார். அறுபத்தொரு கிராம். விளம்பரத் தாளில் நூற்று முப்பத்தெட்டு என்று இருந்தது. அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தார், பொத்தான் அமுங்கவில்லை. திரையைத் தொட்டார். காதில் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். தொட்ட பிறகும் அதே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து உதவி இயக்குநரிடம் போனார். இந்த உதவி இயக்குநருக்கு அலுவலகத்தில் பின்னிணைப்பு என்று பெயர். எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும், "அதைப் பின்னிணைப்பா சேர்த்துடுங்க," என்பார். அப்படிச் சேர்த்த எதையும் யாரும் இதுவரை புரட்டிப் பார்த்ததில்லை.

"சார், இது ஆன் ஆகல."

பின்னிணைப்பு மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். "ஆன் ஆகுதான்னு படிவத்துல கேட்டிருக்கா?"

தராசம்மா படிவத்தைப் பார்த்தார். அது மேசை மின்விசிறிக்காக அச்சடித்த படிவம். மின்சாரத்தில் இயங்கும் பொருளுக்கென்று அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே படிவம் அதுதான். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். புதுப் படிவம் வேண்டுமென்றால் படிவத் துறைக்கு எழுத வேண்டும். படிவத் துறைக்கு எழுதுவதற்கான படிவம் தீர்ந்துபோயிருந்தது.

"கேக்கல சார்."

"பின்ன என்னம்மா? கேட்டதுக்குப் பதில் எழுதுங்க. பரீட்சையில கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா மார்க் போடுவாங்களா?"

இது தராசம்மாவுக்கு நியாயமாகப் பட்டது. அவருடைய கொள்கையும் அதுவே அல்லவா? திரும்பி வந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார்.

முதல் கேள்வி: இறக்கைகளால் விரலுக்கு ஆபத்து உண்டா? இல்லை, இறக்கைகளே இல்லாத அளவுக்குப் பாதுகாப்பாக வடிவமைக்கப்பட்டுள்ளது. பத்துக்குப் பத்து.

இரண்டாவது: காற்று வீச்சு எப்படி? இதில் அவர் சற்று யோசித்தார். போனைக் கையில் பிடித்து முகத்துக்கு நேராக விசிறிப் பார்த்தார். கொஞ்சம் வந்தது. ஒரு மதிப்பெண் போட்டார்.

மூன்றாவது: இயங்கும்போது இரைச்சல் உண்டா?

சரியாக அந்தக் கேள்விக்கு அவர் வந்தபோது மணி பதினொன்று. அறையில் எங்கிருந்தோ ஒரு பாட்டு கிளம்பியது.

அந்த அலுவலகத்தில் பாட்டு கூடாது. ஒரு காலத்தில் யாரோ ஒரு எழுத்தர் முணுமுணுத்த பாட்டில் மயங்கி, அப்போதைய இயக்குநர் தன் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பல்லவியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று வந்தது சுற்றறிக்கை எண் ஏழு: 'அலுவலக வளாகத்தில் பாட்டு, இசை, சீட்டி, முணுமுணுப்பு ஆகிய எதுவும் எவ்வகையிலும் கூடாது.'

பின்னிணைப்பு அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "யாரது? யாரது பாடறது?"

எல்லாரும் வாயை மூடிக் காட்டினார்கள். பாட்டு தொடர்ந்தது. பின்னிணைப்பு மேசைக்குக் கீழே பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், கிடங்குக்காரரின் வாய்க்கு அருகே காதை வைத்துப் பார்த்தார். கடைசியில் இரும்பு பீரோவின் முன் போய் நின்றார்.

"இதுதான் பாடுது," என்றார்.

மூன்று நிமிடம் கழித்து பீரோ தானாகவே நிறுத்திக்கொண்டது.

"தொறந்து பாத்துடலாமா சார்?" என்றார் கிடங்குக்காரர்.

"முத்திரை இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? அறிக்கை முடியறதுக்கு முன்னாடி அதை உடைச்சா யாருக்கு மெமோ வரும்? உமக்கா, எனக்கா?"

முத்திரையை உடைக்காமல் என்ன செய்யலாமோ அதைச் செய்தார்கள். பீரோவுக்குப் பொறுப்பான தளவாடப் பிரிவுக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. புதன்கிழமை பதில் வந்தது: 'எங்கள் பதிவேட்டின்படி மேற்படி பீரோ பாடும் வசதியுடன் வாங்கப்படவில்லை. அவ்வசதி பின்னர் சேர்க்கப்பட்டிருப்பின் அதற்கு இப்பிரிவு பொறுப்பல்ல.' அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மணி பதினொன்றாகி, பீரோ பாடத் தொடங்கியது.

"நான் இரைச்சல் கேள்வியில நிக்கறேன் சார்," என்றார் தராசம்மா. "இந்தச் சத்தத்துல எப்படி எழுதறது?"

"பீரோவோட சத்தம் போனோட கணக்குல வராதும்மா. உங்க கையில இருக்கறது சத்தம் போடுதா?"

தராசம்மா டம்மியைக் காதோடு வைத்துக் கேட்டார். "இல்ல சார்."

"அப்ப பத்துக்குப் பத்து போடுங்க. இவ்வளவு சத்தத்துக்கு நடுவுலயும் அமைதியா இருக்கு பாருங்க. இதுக்குப் பேர்தான் தரம்."

அதற்குப் பிறகு வேலை வேகமாக நகர்ந்தது. சூடாகிறதா? இல்லை. பத்து. மின்சாரம் எவ்வளவு குடிக்கிறது? ஒன்றும் குடிக்கவில்லை. பத்து. மேசையிலிருந்து விழுந்தால் உடைகிறதா? நான்கு முறை தள்ளிவிட்டார்கள். கிடங்குக்காரர் ஆர்வம் தாங்காமல் ஐந்தாவதாக மாடிப்படியிலிருந்தும் போட்டார். ஒரு கீறல் இல்லை. பத்து. அதிர்கிறதா? தூசி புகுகிறதா? துடைக்க எளிதா? தோற்றம் நன்றாக இருக்கிறதா? எல்லாம் பத்து, பத்து, பத்து, பத்து.

கல்வித் துறை தன் கடிதத்தின் அடியில், 'தொடுதிரை எவ்வாறு இயங்குகிறது என்பதையும் குறிப்பிடவும்' என்று கேட்டிருந்தது. அதற்கும் பின்னிணைப்பே வழி சொன்னார். "எங்க தொட்டாலும் ஒண்ணும் ஆகலல்ல? தெரியாம கை பட்டு ஏதாவது ஆயிடும்கற பயமே இல்ல. அப்படி எழுதுங்க."

வியாழக்கிழமை காலை அறிக்கை தயாரானது. மொத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் எந்தப் பொருளும், ஏன், எந்த மின்விசிறியும்கூட எழுபதைத் தாண்டியதில்லை. இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தராசம்மாவைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவர் பாராட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்று.

பீரோ பாடியது.

மூன்று நாளாக அந்தப் பாட்டு அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இன்றுதான் வேலை முடிந்து கை சும்மா இருந்ததால் கேட்டார். பாட்டு கீழே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறியது. தராசம்மா பழக்கத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கர்ர்ருக்காகக் காத்திருந்தார். பாட்டு மேலே போயிற்று, அங்கேயே நின்று சுழன்றது, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. கர்ர் வரவே இல்லை.

அவர் பீரோவைப் பார்த்தார். மேசையில் இருந்த அறுபத்தொரு கிராமைப் பார்த்தார்.

"அண்ணே," என்று கிடங்குக்காரரைக் கூப்பிட்டார். "பீரோவுக்குள்ள இருக்கறதுதான் போனு."

"அப்ப இது என்னம்மா?"

தராசம்மா அதை எடுத்து மேசையில் தட்டிக் காட்டினார்; உள்ளே காலி.

அறிக்கைதான் முடிந்துவிட்டதே, முத்திரையை உடைப்பதில் இப்போது தடை இல்லை. உடைத்தார்கள். கடையில் தினமும் பதினொரு மணிக்குப் பாடிக் காட்ட வேண்டும் என்று கம்பெனிக்காரர் நேரம் குறித்து வைத்திருந்த 'இன்னிசை மினி', உள்ளே பெட்டியில் படுத்துக்கொண்டு பாடி முடித்திருந்தது. தராசம்மா ஒரு கையின் உறையைக் கழற்றினார். பதினோரு வருடத்தில் முதல் முறை. வெறும் விரலால் திரையைத் தொட்டார். அது விழித்துக்கொண்டது.

இப்போது அலுவலகம் ஒரு நெருக்கடியில் இருந்தது. சோதிக்க வேண்டிய மாதிரி சோதிக்கப்படவில்லை. ஆகவே அதையும் அதே படிவத்தில் சோதித்தார்கள். இறக்கை இல்லை: பத்து. காற்று: ஒன்று. இரைச்சல் கேள்வியில் பின்னிணைப்பு காதைப் பொத்திக்கொண்டார்: பூஜ்யம். ஒரு மணி நேரம் பாடியதில் முதுகு சுட்டது: மூன்று. அன்று மாலையே சார்ஜ் கேட்டது: இரண்டு. விழுந்ததில் பின்மூடி தெறித்தது: நான்கு. அழைப்பு வந்தபோது அதிர்ந்து மேசையில் நகர்ந்தே போனது: பூஜ்யம். தூசிக்கு எட்டு, துடைக்க ஏழு, தோற்றத்துக்கு எட்டு. கூட்டிப் பார்த்தால் நாற்பத்து மூன்று.

இயக்குநர் கம்பெனிக்காரரை வரவழைத்தார். அவர் இரண்டு அறிக்கைகளையும் படித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"டம்மியே தர்றோம் சார். நிறைய ஸ்டாக் இருக்கு. அடுத்த வாரமே அனுப்பிடலாம்," என்றார். "சொல்லப்போனா, இத்தனை வருஷத்துல டம்மி மேல ஒரு புகாரும் வந்ததில்ல."

இயக்குநர் தலையாட்டினார். "அதான் மதிப்பெண்லயே தெரியுதே. கூடுதல் மதிப்பெண் எதுக்கோ அதைத்தான் பரிந்துரைக்கணும். விதி தெளிவா இருக்கு."

தராசம்மாவுக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. கைதட்டுகிற வரிசை நினைவுக்கு வந்தது. படிவம் கேட்காத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து முதல் முறையாக வெளியே வந்தது.

"சார், அது பாடாது சார்."

"பாடணும்னு படிவத்துல எங்கம்மா இருக்கு?"

"படிவத்துல இல்ல சார். ஆனா பாட்டு கத்துக்கற பிள்ளைங்களுக்குத்தானே குடுக்கறோம்?"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பொறுமையாகப் பேசினார். "நல்லா யோசிங்க. பாட்டு கத்துக்கறது யாரு? பிள்ளைங்க. அப்ப பாட வேண்டியது யாரு? பிள்ளைங்க. போனே பாடிட்டா பிள்ளைங்க எதுக்கு?"

"சோம்பேறியாயிடுவாங்க," என்றார் பின்னிணைப்பு.

"அதுவும் ஒரு கோணம்," என்றார் இயக்குநர்.

தராசம்மா வாதாடவில்லை. வாதாடத் தெரிந்தவர் அல்ல. ஆனால் படிக்கத் தெரிந்தவர். விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்று விடாமல் படித்தார். மதிய உணவை எண்பதாம் பக்கத்தின் மேல் வைத்துச் சாப்பிட்டார். திங்கட்கிழமை மூன்று மணிக்கு விதி நூற்று நான்கு கிடைத்தது. புத்தகத்தைத் திறந்தபடியே இயக்குநரின் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

'ஒரே பொருளின் இரு மாதிரிகளுக்கிடையே நாற்பதுக்கு மேற்பட்ட மதிப்பெண் வேறுபாடு இருப்பின், இறுதிப் பயனாளர் ஒருவர் முன்னிலையில் இரண்டும் வைக்கப்பட வேண்டும். அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுவே முடிவு. அதன் மேல் முறையீடு இல்லை.'

"நாப்பத்தெட்டு வித்தியாசம் சார்," என்றார் தராசம்மா.

இயக்குநர் இரண்டு முறை கழித்துப் பார்த்தார். நாற்பத்தெட்டுதான். "இறுதிப் பயனாளர்னா பாட்டு கத்துக்கற பிள்ளை. அதுக்கு எங்கம்மா போறது?"

"என் பொண்ணு இருக்கா சார். அந்த நானூறு பேர்ல அவளும் ஒருத்தி."

"உறவாச்சே! கேள்வி வராதா?"

"உறவைப் பின்னிணைப்பா சேர்த்துடலாம் சார்," என்றார் பின்னிணைப்பு.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தராசம்மாவின் நடை இலேசாக இருந்தது. முறை தவறாமல் முறையை வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். ஒன்று பாடுகிறது, ஒன்று பாடவில்லை. பத்து வயதுப் பிள்ளை எதை எடுப்பாள் என்று யாராவது யோசிக்க வேண்டுமா?

மறுநாள் பள்ளி விட்டதும் மகள் சீருடையோடும் புத்தகப் பையோடும் அலுவலகத்துக்கு வந்தாள். இயக்குநர் அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரு பக்கம் போனும் ஒரு பக்கம் டம்மியும் வைத்திருந்தார்கள். சிறுபிள்ளை அளவில் கையுறை கையிருப்பில் இல்லாததால், வெறுங்கை அனுமதிக்கப்பட்டது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "பாப்பா, இது ரொம்ப முக்கியமான வேலை. நீ எதை எடுக்கறியோ அது உனக்கே உனக்கு. மத்த பிள்ளைங்க எல்லாருக்கும் அதே மாதிரிதான் போகும். புரியுதா?"

"புரியுது சார்."

"ரெண்டையும் நல்லா பாத்துட்டு, அவசரப்படாம சொல்லு."

சுற்றறிக்கை ஏழு அரை மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மகள் போனை எடுத்தாள். கம்பெனிக்காரர் அதில் பாட்டுப் பாடத்தை ஏற்றி வைத்திருந்தார். அவள் விரலால் தொட்டாள். பாட்டு வந்தது. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் பாட்டு மேலே ஏறியபோது அவள் வாயைத் திறந்து, கர்ர்ருக்குத் தயாராக நின்றாள். வரவில்லை. அவள் கண்கள் பெரிதாயின. பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். இந்த முறை கூடவே பாடினாள். குரல் கண்ணாடி மாதிரி மேலே போய்த் திரும்பியது.

தராசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட, தெளிவா கேக்குதே!" என்றார் கிடங்குக்காரர். "ஒரு நிமிஷம் குடு பாப்பா. இதுல பழைய பாட்டெல்லாம் வருமான்னு பாத்துட்டுத் தர்றேன்."

வந்தது. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். இன்னொன்றும் கேட்டார்.

"அங்கிள், நான் இன்னும் முடிக்கல," என்றாள் மகள்.

"இரு பாப்பா, ஆதாரத்துக்கு ஒரு படம் எடுத்துடறேன்," என்று பின்னிணைப்பு போனை வாங்கினார். அறையை ஒரு படம் எடுத்தார். பிறகு தன்னை ஒரு படம் எடுத்தார். கொஞ்சம் சாய்ந்து நின்று இன்னொன்று எடுத்தார். "முகம் நல்லா விழுதே இதுல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

அவரிடமிருந்து இயக்குநர் வாங்கினார். இயக்குநரின் சொந்தப் போன் ஒரு ஸ்கூட்டர் விலை. அதில் எல்லாம் உண்டு, இயர்போன் சொருகுகிற ஓட்டை மட்டும் கிடையாது. இந்தக் காலத்தில் அப்படி ஓட்டை வைப்பது கௌரவக் குறைவாம். ஒயர் இல்லாத இயர்போன் வாங்கினார். ஒரு காது பேருந்தில் விழுந்துவிட்டது, மறு காது சார்ஜ் நிற்பதில்லை. மூன்று வருடமாக அவர் பாட்டே கேட்கவில்லை, ஆனால் போன் என்ன விலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் 'இன்னிசை மினி'யின் அடியில் இருந்த வட்டமான ஓட்டையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, முடிச்சு முடிச்சாகக் கிடந்த ஒரு பழைய ஒயரை எடுத்துப் பிரித்துச் சொருகிக்கொண்டு கண்ணை மூடினார்.

"சார், நான் கேக்கணும் சார்," என்றாள் மகள்.

"அவர் கேட்டுட்டிருக்கார்ல? பெரியவங்க கேக்கும்போது குறுக்கப் பேசக் கூடாது," என்றார் பின்னிணைப்பு.

மூன்று பாட்டுக்குப் பிறகு இயக்குநர் கண்ணைத் திறந்தார். போனைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். மகளின் கை போவதற்குள் தராசம்மாவின் கை போய்விட்டது.

"குடு, கீழ போட்டுடப் போற. அம்மா வெச்சுக்கறேன்." இயர்போனைக் காதில் சரிசெய்துகொண்டே சொன்னார். "வீட்டுலயும் இது அம்மாகிட்டதான் இருக்கும், தெரிஞ்சுதா? வீட்டுப்பாடம் எல்லாம் முடிச்சப்புறம் அரை மணி நேரம். நல்ல மார்க் வாங்கினா முக்கால் மணி நேரம்."

"அம்மா, என் முறைம்மா."

"இந்த ஒரு பாட்டு மட்டும் கண்ணு. முடிஞ்சதும் தர்றேன்."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுற்றறிக்கை ஏழு மறுபடி அமலுக்கு வர ஐந்து நிமிடம் இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்தார். "சரி பாப்பா, சொல்லு. எது வேணும்?"

மகள் போனைப் பார்த்தாள். அது அம்மாவின் கையில் இருந்தது. மேசையைப் பார்த்தாள். அங்கே டம்மி இருந்தது. இவ்வளவு நேரத்தில் அதை யாரும் தொட்டிருக்கவில்லை. அவள் கிடங்குக்காரரின் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், இதை என்கிட்ட இருந்து யாராவது கேப்பாங்களா?"

"அதை எவன் கேப்பான்?"

"இதுக்கு அரை மணி நேரம்னு உண்டா?"

"எதுக்கு? அதுதான் ஒண்ணுமே பண்ணாதே பாப்பா."

தராசம்மாவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. பாட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு இறுதிப் பயனாளர் டம்மியைத் தேர்ந்தெடுத்தார்.